தன்னைப் போலவே நிரல் எழுதும் நிரல்: காரைக்குடியிலிருந்து ஒரு செய்முறை

ஆத்தங்குடியில் பூக்கல் செய்யும் கூடத்திற்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு, மணலும் சிமெண்டும் கலந்த கலவையால் முதுகை நிரப்புகிறார்கள். அச்சு ஒன்றே என்றாலும் ஊற்றும் கை ஒவ்வொரு முறையும் சற்று மாறுவதால், ஒரு பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில்) பதித்த கற்களுள் எந்த இரண்டும் அப்படியே ஒத்திருப்பதில்லை. ஆனால் அவை ஒரே கூடத்துக் கற்கள் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதுமில்லை. இங்கே நாம் செய்யப்போகும் நிரலும் அவ்வகையைச் சேர்ந்தது. அது தன் மூலநிரலைத் தானே படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கிலிருந்து குலுக்கல் முறையில் தன்னைப் போன்ற தோற்றமுடைய புதிய நிரல்வரிகளை எழுதும்.

இதைக் குவைன் என்னும் வகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குவைன் என்பது தன் கோப்பைத் திறந்து பார்க்காமலே தன் மூலநிரலை எழுத்துக்கு எழுத்து அச்சிடும் நிரல். வில்லார்டு குவைன் என்ற தத்துவ அறிஞரின் பெயரை அதற்கு இட்டவர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர், ஆண்டு 1979. நம் நிரலோ கோப்பைத் திறந்து பார்க்கும். நகல் எடுக்காது, சாயலை மட்டும் எடுக்கும். இதற்கு அடிப்படையான கணக்கு அதைவிடப் பழையது. ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் செய்யுள் நாவல் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிரொலிக்குப் பின் மெய்யொலி எத்தனை முறை வருகிறது, மெய்யொலிக்குப் பின் உயிரொலி எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். கிளாடு ஷானன் 1948-இல் அதே எண்ணத்தைத் திருப்பிப் போட்டு, அத்தகைய கணக்கிலிருந்து ஆங்கிலம் போன்ற வாக்கியங்களை உண்டாக்கிக் காட்டினார்.

முதலில் ஒரு சிறிய மூலநிரல் வேண்டும். கீழே உள்ள 18 வரிகள், பைத்தானில் எழுதப்பட்டுத் தமிழ்க் குறிச்சொற்களைக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழியின் நடையை ஒட்டி நான் வரைந்தவை. அப்படியே ஓடும் எழில் நிரல் அன்று. படி, பிரி, புதுஏடு, சேர், எடு ஆகிய ஐந்தையும் நீங்கள் பயன்படுத்தும் மொழியில் சிறு செயல்கூறுகளாக வேறொரு கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தொடக்கம் = 0
நிறைவு = 1
மூலம் = படி(தன்கோப்பு)
சொற்கள் = பிரி(மூலம்)
ஏடு = புதுஏடு()
முன் = தொடக்கம்
@( சொற்கள் இல் சொல் ) ஒவ்வொன்றாக
    சேர்(ஏடு, முன், சொல்)
    முன் = சொல்
முடி
சேர்(ஏடு, முன், நிறைவு)
முன் = தொடக்கம்
சொல் = எடு(ஏடு, முன்)
@( சொல் != நிறைவு ) வரை
    பதிப்பி சொல்
    முன் = சொல்
    சொல் = எடு(ஏடு, முன்)
முடி

தன்கோப்பு என்பது இந்த நிரலைச் சேமித்த கோப்பின் பெயர். சேர் என்பது ‘முன்’ என்னும் தலைப்பின் கீழ் அடுத்த சொல்லை எழுதி வைக்கும். எடு என்பது அந்தத் தலைப்பின் கீழுள்ளவற்றுள் ஒன்றைக் குலுக்கி எடுக்கும். ஒரே சொல் நான்கு முறை வந்தால் நான்கு முறையும் எழுத வேண்டும். ‘ஏற்கெனவே இருக்கிறதே’ என்று விட்டுவிட்டால் அடிக்கடி வருவதும் அபூர்வமாக வருவதும் ஒரே எடை பெற்று, சாயல் கெட்டுவிடும். ஆகவே பட்டியலைப் பயன்படுத்துங்கள், ஒன்றை ஒரு முறை மட்டுமே வைத்துக்கொள்ளும் கணத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்து, மூலத்தை எந்த அளவில் துண்டாக்குவது என்று தீர்மானிக்க வேண்டும். என் அனுபவத்தில் விளைவு நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பைட்டு, எழுத்து, சொல் என மூன்று அளவுகள் உண்டு. தமிழில் எழுதிய நிரலைப் பைட்டு பைட்டாகப் பிரித்தால் வெளியீடு கட்டாயம் சிதையும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. அவற்றுள் ‘ம’ என்பதற்கு இரண்டாம் பைட்டும் மூன்றாம் பைட்டும் ஒன்றே. முந்தைய ஒரு பைட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நிரல், தான் நிற்பது ‘ம’வின் நடுவிலா கடைசியிலா என்று அறியாமல், அதே பைட்டை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் எழுதிவிடும். திரையில் கேள்விக்குறி போட்ட சதுரங்கள் வந்து விழுவது இதனால்தான்.

யூனிகோடு குறிகளாகப் பிரித்தால் எழுத்து உடையாது. மூலத்தில் எந்த உயிர்மெய்க் குறியும் மெய்க்குப் பின்னரே வந்திருப்பதால் வெளியீட்டிலும் அப்படியே வரும். ஆனால் ‘முடி’யும் ‘நிறைவு’ம் கலந்து ‘முடிறைவு’ போன்ற, எந்த மொழியிலும் இல்லாத சொற்கள் பிறக்கும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும் என்பதைத் தவிர அதனால் பயனில்லை.

எனவே சொல் அளவிலேயே, அதாவது நிரலாளர்கள் டோக்கன் என்று சொல்லும் அளவில் பிரியுங்கள். பெயர், எண், அடைப்புக்குறி, காற்புள்ளி, சமக்குறி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு துண்டு, ‘@(’ என்பதும் ‘!=’ என்பதும் இரண்டு குறிகளாகத் தெரிந்தாலும் ஒரே துண்டு; வரிமுடிவும் ஒரு துண்டு. வரிமுடிவை விட்டுவிட்டால் வெளியீடு முழுவதும் ஒரே வரியாக நீண்டு ஓடும். தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பைத்தானின் வழக்கமான வடிவத்தேடல் தொகுதியில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்று பொருள்படும் குறி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதை நம்பிப் பிரித்தால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாகி, இடையிலிருந்த கொக்கியும் கடைசிப் புள்ளியும் காணாமல் போகும். தமிழ் யூனிகோடு தொகுதியின் 128 இடங்களையும் சொல் எழுத்துகளாக நீங்களே வடிவத்தில் சேர்த்துவிடுவது எளிய தீர்வு.

கணினியைத் தொடுமுன் ஒரு முறையாவது இதைக் கையால் செய்து பார்க்கும்படி சொல்வது என் வழக்கம். நம் வீடுகளில் பழைய சம்புடங்களுக்குப் பஞ்சமில்லை. மேலே உள்ள மூலத்தை, உள்தள்ளிய வெற்றிடத்தைத் தள்ளி, கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லாமல் பிரித்தால் சரியாக 100 துண்டுகள் கிடைக்கும். அவற்றுள் வேறுவேறானவை 27. துண்டுக்கு ஒன்றாக 27 சம்புடங்களும் தொடக்கத்திற்கு ஒன்றுமாக 28 சம்புடங்களை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வரிசையாக வையுங்கள். மூலத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் எது வருகிறதோ அதை ஒரு சீட்டில் எழுதி அந்தச் சம்புடத்தில் போடுங்கள். நிறைவுச் சீட்டையும் சேர்த்து 101 சீட்டுகள் ஆகும். ‘முன்’ என்ற சம்புடத்தில் எட்டுச் சீட்டுகள் இருக்கும்: சமக்குறி நான்கு, காற்புள்ளி இரண்டு, மூடும் அடைப்பு இரண்டு. ‘சொல்’ சம்புடத்திலும் எட்டுதான்: வரிமுடிவு மூன்று, மூடும் அடைப்பு இரண்டு, சமக்குறி இரண்டு, ‘!=’ ஒன்று. 28 சம்புடங்களில் சரிபாதியில், அதாவது 14-இல், ஒரே வகைச் சீட்டுதான் கிடக்கும். ‘பதிப்பி’யைத் திறந்தால் ‘சொல்’ மட்டுமே வரும், ‘வரை’யைத் திறந்தால் வரிமுடிவு மட்டுமே வரும். மிச்சம் 14 சம்புடங்களில்தான் குலுக்கலுக்கு வேலை. எடுத்த சீட்டை மறுபடியும் அதே சம்புடத்தில் போட்டுவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தக் குலுக்கலில் ஓர் அழகிய ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் எங்கே முடியும் என்று சொல்ல இயலாது. நிறைவுச் சீட்டு ‘முடி’ சம்புடத்தில் மட்டுமே இருப்பதால் சில ஓட்டங்கள் சில வரிகளிலேயே நின்றுவிடும், சில பக்கக் கணக்கில் நீளும். ஆனால் மிகப் பல முறை ஓட்டிச் சராசரி எடுத்தால், வெளியீட்டின் நீளம் மூலத்தின் நீளமான 100 துண்டுகளையே நெருங்கும். ஓர் ஓட்டத்தில் ‘முன்’ சராசரியாக எட்டு முறை வரும். உங்கள் நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியவில்லை.

தன்னைத் தானே படிக்கும் நிரலுக்கு மட்டும் நேரும் ஒரு விபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தொடக்கத்திற்கும் நிறைவிற்கும் ஓர் அடையாளம் தேவை. வேறொருவரின் நூலைப் படிக்கும் நிரலானால், அந்த நூலில் வராத ஏதேனும் ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். தன் மூலத்தையே படிக்கும் நிரலில் நீங்கள் எந்தச் சொல்லை அடையாளமாக எழுதினாலும், எழுதிய அந்தக் கணமே அது மூலத்திலும் வந்துவிடுகிறது! ‘நிறைவு’ என்ற சொல்லையே அடையாளமாக வைத்தால், மூலத்தில் அது மூன்று இடங்களில் இருப்பதால், அந்தச் சொல் குலுக்கலில் வந்தவுடன் நிரல் பாதி வரியில் நின்றுவிடும். வெளியீட்டில் ‘நிறைவு’ என்ற சொல்லை ஒருபோதும் பார்க்க முடியாது. அதனால்தான் மேலே எண்களை வைத்தேன். துண்டுகள் எல்லாம் எழுத்துச்சரங்கள், அதாவது எழுத்துகளின் கோவைகள். எண்ணாகிய 0, எழுத்துச்சரமாகிய ‘0’ ஆகாது. இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பார்க்காத மொழிகளில் இதுவும் போதாது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரணப் பொருளில் எண்ணைச் சாவியாக வைத்தால் அது எழுத்துச்சரமாக மாறிவிடும். அங்கே மேப் என்னும் அமைப்பைப் பயன்படுத்துவது நல்லது. முதன்முறை எழுதியபோது நான் இந்தக் குழியில் விழுந்து, ஒரு மாலை முழுவதும் குலுக்கல் செயல்கூற்றின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் முடித்து ஓட்டினால் இத்தகைய வரிகள் வரலாம்:

தொடக்கம் = எடு(ஏடு, முன் = சொல்
முன், நிறைவு) வரை
பதிப்பி சொல் = பிரி(மூலம் = படி(ஏடு, சொல்

தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது நம் நிரல்தான். கிட்டே வந்தால், திறந்த அடைப்பு மூடப்படவில்லை, மூடிய அடைப்பு திறக்கப்படவே இல்லை. அடுத்தடுத்து நிற்கும் எந்த இரண்டு துண்டும் மூலத்தில் அப்படியே இருப்பவை; இரண்டுக்கு மேல் சேர்த்துப் பார்க்கும் நினைவு மட்டும் நிரலுக்கு இல்லை.

இயல்பாகத் தோன்றும் பரிகாரம், நினைவை நீட்டுவது. ‘முன்’ என்பதில் ஒரு துண்டுக்குப் பதில் கடைசி இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டால், ‘காற்புள்ளி, முன்’ என்ற இணைக்குப் பின் காற்புள்ளியோ மூடும் அடைப்போ மட்டுமே வரும்; முதல் வரியில் கண்ட ‘முன் =’ பிழை இனி நேராது. பிழைகள் தீர்ந்துபோவதில்லை, இடம் மாறுகின்றன. இப்போது ‘எடு(ஏடு, முன், சொல்)’ என்று வரலாம். அடைப்பு சரியாக இருக்கிறது, இலக்கணம் சரியாக இருக்கிறது, ஆனால் இரண்டு உள்ளீடு கேட்கும் செயல்கூற்றுக்கு மூன்று தரப்பட்டிருக்கிறது. மூன்று, நான்கு என்று நீட்டிக்கொண்டே போனால் தவறுகள் குறையும், புதுமையும் உடன் குறையும். இந்த 18 வரிகளையே தீனியாக வைத்தால், மூலத்தில் இருமுறை வரும் மிக நீண்ட தொடர் ‘சொல் = எடு(ஏடு, முன்)’ என்ற வரியும் அதன் இருபுற வரிமுடிவுகளும்; மொத்தம் பத்துத் துண்டுகள். ஆகவே பதினொரு துண்டு நினைவு வைத்த நிரலுக்குத் தேர்வு என்று ஒன்றும் மிஞ்சாது. உள்தள்ளல் நீங்கலாக மூலம் அப்படியே அச்சாகும். நினைவை நீட்டுவதற்காக நிரலைத் திருத்தியவுடன் அது படிக்கும் மூலமும் மாறிவிடுகிறது என்பதால், இந்த எண்ணைத் திருத்திய நிரலுக்குப் புதிதாகவே கணக்கிட வேண்டும். இத்தகைய குட்டி மூலத்திற்கு இரண்டு துண்டு நினைவே போதும் என்பது என் கருத்து.

அடைப்புகளைச் சரிசெய்ய நினைவை நீட்டுவதைவிட நல்ல வழி, கணக்கு வைத்துக்கொள்வது. கொண்டுவிற்க, அதாவது வணிகத்திற்காகக் கடல் கடந்து, போன நம் ஊரார் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) எழுதிய முறையை நினைத்துக்கொள்ளுங்கள்: பற்று ஏறிய இடத்திற்கு ஈடாக வரவு ஏறாமல் ஏட்டை மூடுவதில்லை. அதுபோல ஓர் எண்ணியை வைத்து, ‘@(’ உட்படத் திறக்கும் அடைப்புக்கு ஒன்று கூட்டி, மூடும் அடைப்புக்கு ஒன்று கழியுங்கள். எண்ணி பூச்சியமாக இருக்கும்போது மூடும் அடைப்பையும் காற்புள்ளியையும் குலுக்கலிலிருந்து விலக்குங்கள். பூச்சியத்திற்கு மேல் இருக்கும்போது வரிமுடிவையும் சமக்குறியையும் விலக்குங்கள். அப்போது அடைப்புக்குள் இருக்கும் ‘முன்’னுக்கு எட்டுச் சீட்டுகளில் நான்கு தள்ளுபடியாகி, காற்புள்ளி இரண்டும் மூடும் அடைப்பு இரண்டுமே மிஞ்சும். ‘வரை’, ‘ஒவ்வொன்றாக’ ஆகியவற்றுக்கும் ‘முடி’க்கும் இன்னோர் எண்ணி வைத்து, திறந்த பகுதி இல்லாதபோது ‘முடி’யையும், திறந்த பகுதி இருக்கும்போது நிறைவுச் சீட்டையும் தடுத்துவிடுங்கள். பெரிய மூலத்தில், விலக்கியது போக ஒரு சீட்டும் மிஞ்சாத முட்டுச்சந்து வரலாம்; அந்த வரியை அழித்துவிட்டு அதன் தொடக்கத்திலிருந்து மறுபடி குலுக்குவதே நான் செய்வது. நம் 18 வரிகளில், ஒரு துண்டு நினைவோடு, அந்த நிலை வராது. இத்தனைக்குப் பின்னும் ‘சொல் != நிறைவு = சொல்’ போன்ற வரிகள் தப்பி வரும். மேலும், விலக்கத் தொடங்கியவுடன் மேலே சொன்ன 100 துண்டுச் சராசரி பொருந்தாது; ஆகவே அந்தச் சோதனையைத் தடைகளைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடைப்பு மட்டுமன்றி வாக்கிய அமைப்பே பிசகக் கூடாது என்றால் சங்கிலியை, அதாவது ஒரு துண்டுக்குப் பின் ஒன்றாகக் குலுக்கும் இந்த முறையை, விட்டு இலக்கணத்திற்குப் போக வேண்டும்: மூலத்தை மரமாகப் பகுத்து, ஒரே வகைக் கிளைகளை ஒன்றுக்கொன்று மாற்றி வைக்க வேண்டும். வாசலில் போடும் கோலங்களை இப்படி விதிகளால் பிறப்பிக்கலாம் என்று தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974-இல் எழுதியிருக்கிறார்கள். அது தனியே எழுத வேண்டிய பொருள்.

வெளியீட்டைச் சோதிக்கும்போது கவனம் தேவை. அதை ஒருபோதும் நேரடியாக ஓட்டாதீர்கள். கோப்பைப் படிக்கும் சொல் மூலத்தில் இருக்கிறது. உங்கள் நிரலில் கோப்பை எழுதும் சொல்லோ அழிக்கும் சொல்லோ இருந்தால், அவை தன்கோப்பு என்ற பெயரோடு சேர்ந்து வருவதற்கு ஒரு சீட்டு போதும். பைத்தானில் எழுதுவோர், ஓட்டாமல் பகுத்து மட்டும் பார்க்கும் வசதி அம்மொழியிலேயே இருப்பதைப் பயன்படுத்தலாம். பிழை என்று சொன்னால் கழித்துவிட்டு அடுத்ததைக் குலுக்கலாம். ஆனால் பைத்தானில் உள்தள்ளலே பகுதியின் எல்லை என்பதால், உள்தள்ளலின் ஏற்றமும் இறக்கமும் தனித் துண்டுகளாக வேண்டும். முதன்முறை செய்பவர்கள் ‘முடி’ போன்ற வெளிப்படையான முடிவுச்சொல் உள்ள மொழியில் தொடங்குவது எளிது. குலுக்கலுக்கு விதை எண் (குலுக்கல் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) ஒன்றைக் கொடுத்து, அதை வெளியீட்டோடு சேர்த்து எழுதி வைத்தால், நல்ல வரி ஒன்று வந்தபோது அதைத் திரும்ப வரவழைக்கலாம்.

கடைசியாக, வெளியீட்டையே அடுத்த ஓட்டத்திற்கு மூலமாகக் கொடுத்துப் பாருங்கள். நிரல் பழையதாகவே இருக்கட்டும். தீனியை மட்டும் மாற்றுங்கள். ‘ஒவ்வொன்றாக’ என்பதற்கு எல்லாச் சம்புடங்களிலும் சேர்த்து ஒரே ஒரு சீட்டுதான் உண்டு. ஏதேனும் ஒரு தலைமுறையில் அது குலுக்கலில் வராமல் போனால், அதற்குப் பின் எத்தனை தலைமுறை ஓட்டினாலும் திரும்பி வராது. ‘தன்கோப்பு’, ‘புதுஏடு’ முதலியவையும் அவ்வாறே ஒவ்வொன்றாக உதிரும். எந்தச் சொல் எந்தத் தலைமுறையில் உதிர்ந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். விதை எண்ணை மாற்றினால் உதிரும் வரிசையும் மாறும்.